பன்னிரண்டு பாட்டில் பூண்டு எண்ணெய்

லிஃப்ட்டுக்காரர் சமையல் கற்றுக்கொண்டது லிஃப்ட்டில்தான். சொன்னால் யாரும் நம்புவதில்லை, ஆனாலும் அதுதான் உண்மை. இருபத்து மூன்று வருடமாக அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுதுபார்த்துப் பிழைக்கிற மனிதர். லிஃப்ட் ஏறி இறங்குகிற அந்த நீளமான குழி ஒரு புகைபோக்கி மாதிரி. எந்த மாடியில் எது கொதித்தாலும் அதன் வாசனை அந்த வழியாக மேலே வந்துவிடும். ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் வெங்காயத்தை வெண்ணெயில் போட்டு ஒரு மணி நேரம் வதக்கிக்கொண்டே இருப்பார்கள், அது பிரெஞ்சு சூப். இன்னொன்றில் ஏழாவது மாடிக்காரர் முட்டைக்கோஸைப் பொடியாகச் சீவி மாவில் கலந்து ஜப்பான்காரர்கள் மாதிரி தட்டையாகச் சுடுவார். நம் ஆளுக்கு மூக்கு சும்மா இருக்காது. வேலை முடிந்ததும் கையில் ஸ்பானரோடு போய்க் கதவைத் தட்டி, லிஃப்ட் சரியாகிவிட்டது, அது கிடக்கட்டும், அடுப்பில் என்ன என்று கேட்பார்.

நல்ல மனசுக்காரர்கள் சொல்லிக் கொடுப்பார்கள். சொன்னதைச் சர்வீஸ் நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்வார். முன்பக்கத்திலிருந்து திறந்தால் கம்பி, பிரேக், கதவு உருளை. பின்பக்கத்திலிருந்து திறந்தால் மெக்சிகோ பீன்ஸ், கிரேக்கத்துத் தயிரும் வெள்ளரியும், இத்தாலிக்காரர்கள் சுடும் தட்டை ரொட்டி. எழுதும்போதே ஒரு பழக்கம், அதிகப்படி என்று தோன்றுவதை அடித்துவிடுவார். ஐந்து பொருள், ஒரு சட்டி, அரை மணி நேரம். அதற்கு மேல் போனால் அது சமையல் இல்லை, தண்டனை என்பது அவர் கட்சி. பட்டனை அமுக்கினால் மேலே போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் என்பார்.

அவர் குடியிருந்த கட்டடத்துக்கு ஆறு மாடி, மாடிக்கு இரண்டு வீடு. தரைத்தளத்தில் அவர் வீடு மட்டும். ஞாயிற்றுக்கிழமை அவர் ஓவனைப் பற்ற வைத்தால் பன்னிரண்டு வீட்டுக்கும் வாசனை போகும், வாசனைக்குப் பின்னாலேயே தட்டும் போகும். பிள்ளைகள் அவருக்கு 'உலகச் சட்டி' என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயர் பிடிக்காதவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். உள்ளுக்குள் வெல்லக்கட்டி.

அவருடைய தொழிலைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அவர் கருவிப் பையில் எப்போதும் ஒரு சிவப்புத் தகரப் பலகை இருக்கும். 'பழுது. ஏறாதீர்கள்' என்று வெள்ளையில் எழுதியது. அவருடைய பட்டறையில் அந்தப் பலகைக்கு இரண்டு விதி. சந்தேகம் வந்தால் முதலில் பலகையை மாட்டு, காரணத்தை அப்புறம் தேடு என்பது ஒன்று. பழுதைச் சரிசெய்தபின், பலகையைக் கழற்றப்போகிறவன் முதலில் தான் ஏறி உச்சி வரை போய் இறங்கிக் காட்ட வேண்டும் என்பது இன்னொன்று. இருபத்து மூன்று வருடத்தில் இரண்டையும் அவர் ஒருநாளும் மீறியதில்லை. லிஃப்ட் விஷயத்தில் மீறியதில்லை.

அந்தச் சனிக்கிழமை மதியம் அவர் மனைவி மூன்று வாரம் கழித்து வீடு திரும்பினாள். தங்கைக்குக் கால் முறிந்துவிட்டது, கூட இருந்து பார்த்துக்கொள்ளப் போயிருந்தாள். அவளுக்கு வேலை டப்பா உணவுத் தொழிற்சாலையில். வரிசையாக வரும் டப்பாக்களின் மூடியைத் தட்டிப் பார்த்து, உப்பியிருப்பதை ஒதுக்குகிற வேலை. அதனால் அவளுக்கு எந்த மூடியைப் பார்த்தாலும் கை பரபரக்கும். உள்ளே வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஜன்னல் திட்டில் ஒரு பாட்டில் வெயிலில் பொன்னாக மின்னிக்கொண்டிருந்தது. ஆலிவ் எண்ணெய், அதில் மூழ்கிய உரித்த பச்சைப் பூண்டுப் பற்கள், நடுவில் ஒரு ரோஸ்மேரிக் கொத்து. ஒரு ஹோட்டல் லிஃப்ட்டைச் சரிசெய்யப் போனபோது அங்கே இருந்த சமையல்காரர் சொல்லிக் கொடுத்தது. சூடான ரொட்டியை இதில் தொட்டுச் சாப்பிட்டால் வேறு எதுவும் வேண்டாம். லிஃப்ட்டுக்காரர் அதைப் பெருமையோடு எடுத்து நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. வினிகர் ஊற்றினீர்களா என்று கேட்டாள். இல்லை என்றார். ஃப்ரிட்ஜில் வைத்தீர்களா என்று கேட்டாள். அங்கே வைத்தால் எண்ணெய் உறைந்து பார்க்க அசிங்கமாக இருக்கும் என்றார்.

"என்னைக்கு செஞ்சது?"

"நீ போன மூணாம் நாள்."

அவள் தோள்பையை மெல்லத் தரையில் வைத்தாள். பிறகு தொழிற்சாலையில் புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்கிற மாதிரி, குரலை உயர்த்தாமல் சொன்னாள். பூண்டு மண்ணுக்குள் விளைவது. மண்ணில் ஒரு கிருமி உண்டு. காற்றுப்பட்டால் தூங்கும், காற்றே இல்லாத இடத்தில் விழித்துக்கொள்ளும். எண்ணெய்க்குள் காற்று இல்லை. புளிப்போ குளிரோ இருந்தால் அடங்கிக் கிடக்கும், இங்கே இரண்டும் இல்லை, ஜன்னல் திட்டில் கதகதப்பு வேறு. விழித்துக்கொண்டால் அது விஷம் கக்கும். அந்த விஷத்துக்கு நிறமில்லை, நாற்றமில்லை, ருசியில் ஒரு மாற்றமும் இருக்காது. முதலில் கண் இமை தொங்கும், ஒன்று இரண்டாகத் தெரியும். அப்புறம் நாக்கு தடிக்கும், எச்சில் விழுங்க முடியாது. கடைசியில் மூச்சு. நூறு பாட்டில் இப்படிச் செய்தால் நூறுமே ஒன்றும் செய்யாமல் போகலாம்.

"ஆனா எது நல்லது, எது கெட்டதுன்னு பார்த்துச் சொல்ல முடியாதுங்க. அதுதான் அதோட குணம்."

லிஃப்ட்டுக்காரர் சிரித்தார். பாதிச் சிரிப்பில் எழுந்துபோய்க் கண்ணாடி முன்னால் நின்று இமைகளை விரலால் இழுத்துப் பார்த்தார். தினமும் அவரும்தானே சாப்பிட்டார். மனைவி பின்னால் வந்து நின்று, இந்த ஒரு பாட்டில்தானா என்று கேட்டாள். அவர் ஆள்காட்டி விரலை மேலே தூக்கிக் கூரையைக் காட்டினார். பன்னிரண்டு வீடு, பன்னிரண்டு பாட்டில், ஒவ்வொன்றின் கழுத்திலும் அவர் கையாலேயே கட்டிய நாடா.

அவள் குளியலறைக்குள் போன நேரம் பார்த்து அவர் நோட்டை எடுத்துப் பின்பக்கத்தைப் புரட்டினார். இருந்தது. 'ஃப்ரிட்ஜ். நாலு நாளில் முடிக்கணும்.' ஹோட்டல் சமையல்காரர் ஒன்றுக்கு இரண்டு முறை சொன்னது இப்போது ஞாபகம் வந்தது. தன் கையாலேயே எழுதி, அதன் மேல் தானே இரண்டு கோடு இழுத்து அடித்திருந்தார். நாலு நாள்தான் தாங்கும் என்றால் எப்படிப் பரிசு கொடுப்பது, சும்மா பயமுறுத்துகிறான் என்று அன்றைக்கு நினைத்ததும் ஞாபகம் வந்தது. நோட்டை மூடிக் கருவிப் பைக்கு அடியில் தள்ளினார். அதை மனைவியிடம் காட்ட அவருக்குத் தைரியம் வரவில்லை.

வீடு வீடாகப் போய் உள்ளதை உள்ளபடி சொல்லி வாங்கி வாருங்கள் என்றாள் அவள். சரி என்றுதான் கிளம்பினார். சத்தியமாக அந்த எண்ணத்தோடுதான் கிளம்பினார். முதல் மாடியில் கணக்கு வாத்தியார் கதவைத் திறந்ததும், வாங்க உலகச் சட்டி, உங்கள் எண்ணெய் அமிர்தம் என்று தோளில் கை போட்டார். நாக்கு புரண்டுவிட்டது. பாட்டில் கொஞ்சம் தேவைப்படுகிறது, இதைவிட நல்லதாக ஊற்றித் தருகிறேன் என்று வாயிலிருந்து வந்தது. வாத்தியார் உள்ளே போய் எடுத்துவந்து கொடுத்தார். எவ்வளவு சுலபம். ஐந்து பொருள்கூட வேண்டாம், ஒரே பொய்.

அடுத்த வீட்டிலும் அதையே சொன்னார். ஆறாவது மாடிக்குப் போவதற்குள் அந்தப் பொய் நன்றாகப் பதம் வந்துவிட்டது. ஆனால் பயம் மட்டும் மாடிக்கு மாடி ஏறிக்கொண்டே போனது. பாட்டில்கள் முக்கால், பாதி, கால் என்று வந்தன. குறைந்திருந்த ஒவ்வொரு அங்குலமும் யாரோ ஒருவர் வயிற்றுக்குள் இருக்கிறது. பேசுகிறவர்கள் முகத்தைப் பார்க்காமல் இமையைப் பார்த்தார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். மூன்றாம் மாடியில் கைக்குழந்தைக்காரி ஒரு கொட்டாவி விட்டாள், அதற்கே இவருக்கு மூச்சு நின்று வந்தது.

பதினொன்று சேர்ந்தது. பன்னிரண்டாவது ஐந்தாம் மாடித் தபால்காரர் வீட்டில். ஓய்வு பெற்றுப் பல வருடமானவர், மனைவி காலமாகித் தனியாக இருப்பவர். அவருக்குக் கைபேசி கிடையாது. நாற்பது வருடம் ஊர்ச் செய்தியெல்லாம் சுமந்தாயிற்று, இனிமேல் எனக்கு ஒரு செய்தியும் வேண்டாம் என்று சொல்லிவிடுவார். பிறவியிலேயே அரைக்கண். விழித்திருக்கிறாரா தூங்குகிறாரா என்று கிட்டப்போய்ப் பார்த்தால்தான் தெரியும். கதவைத் தட்டினால் ஆள் இல்லை. எதிர்வீட்டுத் தையல்காரம்மாவிடம், சார் வந்ததும் பாட்டிலைக் கொடுத்துவிடச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

மனைவி கையுறை போட்டுக்கொண்டு பதினொன்றையும் இரட்டைப் பையில் போட்டு நாடாவால் இறுகச் சுற்றினாள். எல்லாரிடமும் சொல்லிவிட்டீர்களா, சாப்பிட்டவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று சொன்னீர்களா என்று கேட்டாள். சொன்னேன் என்றார். அன்றைக்கு அவருடைய இரண்டாவது பொய் அது. அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள். தொண்டை அடைப்பது பயத்தாலா விஷத்தாலா என்று தெரியாமல் தண்ணீரைத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கதவைத் திறந்தபோது கைப்பிடியில் ஒரு துணிப்பை தொங்கியது. உள்ளே பன்னிரண்டாவது பாட்டில். ஒரு விநாடி அவருக்கு உயிர் வந்தது. அடுத்த விநாடி போயே போயிற்று. பாட்டில் காலி. சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, நாடாவையும் இஸ்திரி போட்ட மாதிரி மடித்து உள்ளே வைத்திருந்தது.

லிஃப்ட்டுக்குக் காத்திருக்காமல் ஐந்து மாடியும் படியேறினார். தபால்காரர் வீடு பூட்டியிருந்தது. தையல்காரம்மா வாயில் ஊசியோடு வெளியே வந்து விவரம் சொன்னாள். நேற்று சாயந்திரம் சாரிடம் சொன்னாளாம். அதற்கென்ன, அவருக்குப் பாட்டில்தானே வேண்டும் என்று எண்ணெயை ஜாம் ஜாடிக்கு மாற்றிவிட்டு, இரவல் பொருளை அழுக்காகக் கொடுக்கக் கூடாது என்று அரை மணி நேரம் தேய்த்துக் கழுவினாராம். இன்றைக்குக் காலையிலேயே மகள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

"பேத்திங்களுக்குத் தரணும்னு அந்த ஜாடியையும் எடுத்துட்டுப் போனாரு அண்ணா. உங்களைப் பத்தித்தான் அங்க ஒரே பெருமையா பேசுவாராம்."

லிஃப்ட்டுக்காரர் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். தான் கேட்டது எண்ணெயை அல்ல, பாட்டிலை. கேட்டதை அந்த மனிதர் ஒழுங்காகக் கொடுத்திருக்கிறார்.

மகளின் தொலைபேசி எண் யாரிடமும் இல்லை. ஆனால் மகள் வீடு பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஏழு மாடிக் கட்டடம் என்று தெரியும். போன வருடம் அந்த லிஃப்ட்டின் கதவு உருளையை மாற்றியது இவர்தான். என் மகள் உச்சி மாடியில் இருக்கிறாள், லிஃப்ட்டை நன்றாகப் பாருங்கள் தம்பி என்று தபால்காரர் அப்போது சொல்லியிருந்தார். ஸ்கூட்டரை எடுத்தார். வழியில் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் மணியைப் பார்த்தார். சாப்பாட்டு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. பேத்திகளுக்கு எத்தனை வயது என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

அந்தக் கட்டடத்தின் வாசலில் லிஃப்ட் கதவின் மேல் சிவப்புப் பலகை தொங்கியது. 'பழுது. ஏறாதீர்கள்.' யாரோ ஒரு மெக்கானிக் மாட்டிவிட்டுச் சாமான் வாங்கப் போயிருக்கிறான். ஒரு கிழவி பலகையைப் படித்துவிட்டு, யாரையும் திட்டாமல் படியேறிக்கொண்டிருந்தாள். லிஃப்ட்டுக்காரர் அதைப் பார்த்தபடி ஒரு கணம் நின்றார். எத்தனை கட்டடத்தில் எத்தனை பலகை மாட்டியிருப்பார். ஒருநாளாவது வெட்கப்பட்டாரா? ஓடாத லிஃப்ட்டைப் பற்றி யாரும் அவரைக் கேவலமாக நினைத்ததில்லை. பலகை மாட்டாமல் விட்டிருந்தால்தான் நினைத்திருப்பார்கள். நேற்று முதல் மாடியிலேயே அந்தப் பலகையை மாட்டியிருக்க வேண்டும். ஏழு மாடியும் ஏறும்போது அவருக்கு மூச்சிரைத்தது. மூச்சிரைக்கிறதே என்று அதற்கும் பயந்தார்.

மகள் கதவைத் திறந்தாள். சூடான ரொட்டி வாசனை முகத்தில் அடித்தது. மேஜையில் தபால்காரர், மருமகன், இரண்டு பெண் குழந்தைகள். நடுவில் திறந்த ஜாம் ஜாடி, பக்கத்தில் ஒரு தட்டில் ஊற்றிய எண்ணெய். சின்னவள் ரொட்டியைத் தொட்டு, சொட்டச் சொட்ட வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். லிஃப்ட்டுக்காரர் மகளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் அதைத் தட்டிவிட்டார். குழந்தை வீரிட்டது. மருமகன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"இந்த எண்ணெய்ல விஷம் இருக்கலாம்," என்றார் லிஃப்ட்டுக்காரர். "நான் செஞ்சதுதான். தப்பா செஞ்சுட்டேன். நேத்தே தெரியும். பாட்டில் வேணும்னு பொய் சொன்னேன்."

மகள்தான் கேட்டாள்.

"நேத்தே தெரியுமா?"

விஷத்தைப் பற்றிக்கூட அவள் முதலில் கேட்கவில்லை. மகள் திரும்பி ஒவ்வொருவராக விசாரித்தாள். சின்னவளும் மருமகனும் இன்னும் சாப்பிடவில்லை. பெரியவள் ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டாள். தபால்காரர் இரண்டு வாரமாகத் தினமும் காலையில் சாப்பிட்டிருக்கிறார், நேற்று உட்பட. அவர் தன் பங்குக்கு, ஏம்மா தம்பியைப் போய் இப்படி முறைக்கிறாய் என்றார். மகள் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டர் ஒருவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பெரியவளைப் பேசச் சொல்லி, விழுங்கச் சொல்லி, விரலைப் பார்க்கச் சொல்லி நன்றாக இருக்கிறாள் என்றார். தபால்காரரின் இமையைத் தூக்கிப் பார்த்தவர் முகம் மாறிவிட்டது. இது எப்போதிலிருந்து என்று கேட்டார். பிறந்ததிலிருந்து என்றார் தபால்காரர். வேறு நேரமாக இருந்தால் எல்லாரும் சிரித்திருப்பார்கள். லிஃப்ட்டுக்காரரின் இமையையும் பார்த்தார் டாக்டர். இப்போதைக்கு யாருக்கும் அறிகுறி இல்லை, ஆனால் பத்து நாள் வரை கவனிக்க வேண்டும், பார்வை மங்கினாலோ பேச்சுக் குழறினாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் வர வேண்டும், சாப்பிட்ட எல்லாருக்கும் இதைச் சொல்லிவிடுங்கள் என்றார்.

வெளியே வந்ததும் மகள் அவர் முன்னால் வந்து நின்றாள்.

"என் பொண்ணுக்கோ அப்பாவுக்கோ ஏதாவது ஆச்சுன்னா, உங்க வீட்டு வாசல்ல வந்து உட்காருவேன். எழுந்து போக மாட்டேன்."

அவர் தலையாட்டினார். அதில் நியாயமில்லை என்று அவரால் சொல்ல முடியவில்லை.

சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் கருவிப் பையிலிருந்து சிவப்புப் பலகையை எடுத்தார். கீழ்த்தளத்தில் லிஃப்ட்டுக்குப் பக்கத்துச் சுவரில் ஆணி அடித்து மாட்டினார். அதற்குக் கீழே ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினார். லிஃப்ட் நன்றாக ஓடுகிறது. பழுது நான் கொடுத்த பூண்டு எண்ணெய். அதில் உயிரைக் கொல்லும் விஷம் இருக்கலாம். பார்த்தாலோ முகர்ந்தாலோ தெரியாது. ஃப்ரிட்ஜில் வை, நாலு நாளில் முடி என்று சொல்லிக்கொடுத்ததை நான்தான் நோட்டில் அடித்தேன். பாட்டில் வேண்டும் என்று நேற்று நான் கேட்டது பொய். கண் மங்கினால், இமை தொங்கினால், பேச்சுக் குழறினால், விழுங்க முடியாவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். யார் வீட்டிலாவது ஒரு சொட்டு இருந்தாலும் தயவுசெய்து என்னிடம் கொடுத்துவிடுங்கள்.

மனைவி வந்து முழுக்கப் படித்தாள். நோட்டில் அடித்த விஷயம் அவளுக்கு அங்கேதான் தெரிந்தது. அவர் பக்கம் திரும்பாமல், கோணலாக இருந்த பலகையை நேராக்கிவிட்டு உள்ளே போனாள்.

சொட்டு என்று ஒரு பேச்சுக்குத்தான் எழுதினார். பதினொன்றும் எண்ணெயோடுதானே வந்தன என்று நினைத்திருந்தார். முதலில் இறங்கி வந்தவர் கணக்கு வாத்தியார், கையில் பழைய மருந்து பாட்டில். நேற்று பாட்டிலைக் கேட்டதும், இவ்வளவு ருசியை எப்படி விடுவது என்று பாதியை அதில் ஊற்றி வைத்துக்கொண்டிருந்தார். குப்பை கொட்ட வந்தவர் பலகையைப் படித்துவிட்டு மேலே ஓடிப்போய் எடுத்துவந்திருக்கிறார்.

"தட்டுல ஊத்தி வச்சுட்டு வந்தேன்," என்றார் வாத்தியார். "குப்பையை அப்புறம் கொட்டலாம்னு நினைச்சிருந்தா, இந்நேரம் நாங்க மூணு பேரும் சாப்பிட்டிருப்போம். நேத்து என் வாசல்ல நின்னப்பவே சொல்லியிருக்கலாமே."

அவர் கை தோளில் விழவில்லை. பாட்டிலைத் தரையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஆறாம் மாடியிலிருந்து ஒரு தேநீர்க் கோப்பை வந்தது, மேலே சாஸரால் மூடி. மூன்றாம் மாடிக் கைக்குழந்தைக்காரி கொண்டுவந்தது குழந்தையின் பழைய பால் பாட்டிலில். வேறு பாத்திரம் கையில் அகப்படவில்லை என்றாள். லிஃப்ட்டுக்காரர் அதற்குக் கையை நீட்டவில்லை. மனைவிதான் வாங்கி வைத்தாள். அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்து, பேத்திகள் வீட்டுக்குப் போகாமல் அந்தப் பன்னிரண்டாவது பாட்டிலும் எண்ணெயோடு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தார். பலகை மாட்டியிருக்க மாட்டார். இந்த மூன்று வீட்டிலும் அது அலமாரியில் சமர்த்தாக உட்கார்ந்திருந்திருக்கும்.

அதற்கப்புறம் பத்து நாள். அந்தப் பத்து நாளை அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கழித்தார். லிஃப்ட்டில் ஏறுகிற ஒவ்வொருவரையும் வணக்கம் சொல்லி இரண்டு வார்த்தை பேச வைத்துப் பார்த்தார். சிலர் பதில் சொன்னார்கள், சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பிள்ளைகள் உலகச் சட்டி என்று கூப்பிடுவதை நிறுத்தியிருந்தார்கள். அவர் வீட்டு ஓவன் ஆறிக் கிடந்தது.

காலை எட்டு மணிக்குத் தபால்காரர் மட்டும் தவறாமல் வந்து கதவைத் தட்டினார். நாற்பது வருடப் பழக்கம், நேரம் பிசகாது. வாசலில் நின்று முகத்தை நீட்டி, பாருங்க தம்பி, நேத்து மாதிரியேதான் தொங்குது என்பார். லிஃப்ட்டுக்காரர் டார்ச்சை அடித்துப் பார்ப்பார். அந்த இமையில் நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் கண்டுபிடிக்க முடியும்? ஐந்தாம் நாள் இமை ஒரு நூலளவு கீழே இறங்கிய மாதிரி தெரிந்து, மனைவியைக் கூப்பிட்டு, அவளும் பார்த்து, கடைசியில் ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போய்த் திரும்பி வந்தார்கள். மகள் தையல்காரம்மாவின் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு, தினமும் அவளைப் போனில் கூப்பிட்டு, பெரியவள் நன்றாக இருக்கிறாள் என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவாள்.

பதினோராம் நாள் காலை எட்டு மணிக்குக் கதவு தட்டப்படவில்லை. எட்டே காலுக்கும் இல்லை. எட்டரைக்கு மனைவி, போய்ப் பாருங்களேன் என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. அவர் வெறுங்காலோடு படியேறினார். இரண்டாம் மாடியில் தடுக்கி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டார். ஐந்தாம் மாடியில் தட்டினார், திறக்கவில்லை. இரண்டு கையாலும் அடித்தார். உள்ளே ஏதோ விழுகிற சத்தம் கேட்டது. கதவு திறந்தது.

"பத்து நாள்னுதானே சொன்னாரு டாக்டர்?" என்றார் தபால்காரர், தூக்கம் கலையாத அரைக்கண்ணோடு. "இன்னைக்கும் வரணுமா?"

லிஃப்ட்டுக்காரர் அந்த நடையிலேயே தரையில் உட்கார்ந்து அழுதார். பதினோரு நாளாக அடக்கி வைத்தது. எதிர்வீட்டுக் கதவு திறந்து தையல்காரம்மா பார்த்தாள், அவருக்கு அதுவும் உறைக்கவில்லை. தபால்காரர் பக்கத்தில் குனிந்து, பலகை இன்னும் தொங்குதே, அதை எப்போ கழட்டுவீங்க என்று மெதுவாகக் கேட்டார்.

அதற்கு ஒரு விதி இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவர் இறங்கினார். சாயந்திரம் ஓவனைப் பற்ற வைத்தார். நோட்டில் ஒன்றையும் அடிக்காமல், எழுதியிருந்தது எழுதியிருந்தபடி ரொட்டி சுட்டார். பூண்டை அப்போதே உரித்து, எண்ணெயில் அப்போதே வேகவைத்து, ரொட்டியின் மேல் தடவி, தட்டோடு கொண்டுபோய்ப் பலகைக்குக் கீழே நின்றார். வாசனை மேலே போயிருக்க வேண்டும். படிக்கட்டில் ஒவ்வொருவராக இறங்கி வந்து தள்ளியே நின்றார்கள், வாத்தியார் உட்பட. அவர் முதல் துண்டை எடுத்து எல்லாரும் பார்க்கத் தின்றார். தட்டை நீட்டினார். யாருடைய கையும் முன்னால் வரவில்லை. மனைவி ஒரு அடி எடுத்து வைத்தாள், அதற்குள் தபால்காரர் வந்துவிட்டார்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு தம்பி," என்றார். ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார்.

லிஃப்ட்டுக்காரர் பலகை மேல் கையை வைத்தார், கழற்றவில்லை. தபால்காரர் மென்று விழுங்கி முடிக்கும் வரை அப்படியே நின்றார்.